‘ஹியர்’ சரியா, ‘ஹியரிங்’ சரியா? தம்புச் செட்டித் தெருவிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: வணக்கம் சார். பாரிமுனை தம்புச் செட்டித் தெருவில் ஒரு க்ளியரிங் அண்ட் ஃபார்வர்டிங் அலுவலகத்தில், அதாவது சரக்கைக் கஸ்டம்ஸில் விடுவித்து அனுப்பி வைக்கும் அலுவலகத்தில், டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். வெளிநாட்டு ஏஜென்ட்களுக்கு மெயில் போடுவதே பாதி வேலை. மெயிலை எப்போதும் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்று முடிப்பேன். எங்கள் மேனேஜர் அதை ‘டு ஹியர்’ என்று மாற்றச் சொல்கிறார். ‘டு’ வந்தால் அதன் பின்னால் வினைச்சொல் அப்படியே வர வேண்டுமாம். ‘ஹியர்’ என்ற சொல்லோடு ‘இங்’ சேரவே சேராதாம். ஒரே வரியில் இரண்டு ‘இங்’ வருவது பார்க்கவும் நன்றாக இல்லையாம். பக்கத்து சீட்டில் இருக்கும் அக்கா ‘லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை’ என்று எழுதுகிறார். நான் தமிழ் மீடியத்தில் படித்தவள், அதனால் எதிர்த்துப் பேசத் தயக்கம். யார் எழுதுவது சரி? மேனேஜர் சொன்னபடி மாற்றி நெதர்லாந்தில் உள்ள ராட்டர்டாமுக்கு அனுப்பிய மெயில் ஒன்றையும் இணைத்திருக்கிறேன். — கே.எஸ்., கொளத்தூர்

பதில்: நீங்கள் எழுதுவதுதான் சரி. ‘டு ஹியரிங் ஃப்ரம் யூ’. பிரிட்டிஷ் ஆங்கிலம், அமெரிக்க ஆங்கிலம் என்ற பேதம் இதில் கிடையாது, இரண்டிலும் அப்படித்தான். தமிழ் மீடியம் என்ற தயக்கத்தை மூட்டை கட்டி வையுங்கள். இந்த ஒரு விஷயத்தில் தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குத்தான் வசதி அதிகம். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன்னால் உங்கள் மேனேஜருக்காக ஒரு வார்த்தை. அவர் சொல்லும் காரணங்களில் முதல் இரண்டும் பள்ளிக்கூடத்தில் கவனமாகப் பாடம் கேட்டவர்கள் மட்டுமே சொல்லக்கூடியவை. ‘ஐ வான்ட் டு கோ’, ‘ஷி லைக்ஸ் டு சிங்’ என்று ‘டு’வுக்குப் பின்னால் மொட்டையாக வினைச்சொல்லைப் போடத்தான் நம் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். ‘ஹியர்’, ‘சீ’, ‘நோ’, ‘ஹேவ்’ மாதிரியான சொற்களோடு ‘இங்’ சேர்க்காதே என்றும் சொன்னார்கள். ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்று எழுதி சிவப்பு மையில் வட்டம் வாங்காத பிள்ளை தமிழ்நாட்டில் உண்டா? அந்த வட்டத்தை மறக்காதவர்தான் ‘ஹியரிங்’ என்பதைப் பார்த்ததும் பதறுகிறார். அவர் படித்த விதியில் தப்பில்லை. அதை இந்த வாக்கியத்தின் மேல் போடுவதில்தான் தப்பு.

அந்த விதி காலத்தைக் காட்டும் வினைமுற்றுக்கானது. ‘ஐ ஆம் ஹியரிங் எ நாய்ஸ்’ என்று எழுதாதே என்பதோடு அதன் அதிகாரம் முடிகிறது. ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங்’ என்பதில் இருக்கும் ‘ஹியரிங்’ வினைமுற்றே இல்லை, அது பெயர்ச்சொல். உங்கள் தெருவில் இதற்குச் சாட்சி தேட வேண்டிய அவசியமில்லை. உயர் நீதிமன்றம் கூப்பிடு தூரம், மாடிக்கு மாடி வக்கீல் அலுவலகம். டீக்கடையில் நின்றால் ‘இன்னிக்கு ஹியரிங் இருக்கு’, ‘ஹியரிங் தள்ளிப் போயிடுச்சு’ என்று நாலு பேர் சொல்லிக்கொண்டு போவார்கள். அதே ‘ஹியரிங்’தான். அவ்வளவு ஏன், உங்கள் அலுவலகப் பெயர்ப் பலகையிலேயே ‘க்ளியரிங்’, ‘ஃபார்வர்டிங்’ என்று இரண்டு ‘இங்’ பெயர்ச்சொற்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பலகையைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லையே. அப்படியானால் ஒரே வரியில் இரண்டு ‘இங்’ கூடாது என்ற மூன்றாவது காரணமும் நிற்காது. முதல் ‘இங்’குக்கு ஒரு வேலை, இரண்டாவதற்கு வேறு வேலை.

சரி, ‘ஹியரிங்’ பெயர்ச்சொல் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே ஏன் பெயர்ச்சொல்தான் வர வேண்டும்? விஷயம் ‘டு’வில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘டு’ இரண்டு உண்டு. ‘ஐ வான்ட் டு கோ’வில் வருவது வினைச்சொல்லோடு ஒட்டிப் பிறந்த ‘டு’. ‘கன்டெய்னர் டு ராட்டர்டாம்’ என்பதில் வருவது போய்ச் சேரும் இடத்தைக் காட்டும் ‘டு’. இந்த இரண்டாவது ‘டு’வுக்குப் பின்னால் ஒரு பெயர்தான் வரும். ஊர்ப் பெயராக இருக்கலாம், ஆள் பெயராக இருக்கலாம், பொருளாக இருக்கலாம். ‘லுக் ஃபார்வர்ட் டு’வில் இருப்பது இந்த ‘டு’. பார்வை முன்னால் போகிறது, எதை நோக்கி என்பதை ‘டு’ காட்டுகிறது.

சந்தேகம் வந்தால் ‘டு’வுக்கு அடுத்து ஒரு சாதாரணப் பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை.’ பொருந்துகிறது. ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு தி மீட்டிங்.’ பொருந்துகிறது. பெயர் உட்காரும் இடம் அது என்று தெரிந்துவிட்டது, ஆகவே வினைச்சொல் அங்கே வர வேண்டுமானால் ‘இங்’ சேர்ந்து பெயராக மாறித்தான் வர முடியும். இதையே ‘ஐ வான்ட் டு’வில் செய்து பாருங்கள். ‘ஐ வான்ட் டு யுவர் ரிப்ளை’ என்று எழுத முடியுமா? முடியாது. அது முதல் வகை ‘டு’.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு வசதி என்றேனே, அது இங்கேதான். ‘கேட்க’ என்பது வினையெச்சம். ‘கேட்பது’, ‘கேட்டல்’ என்பது தொழிற்பெயர். ‘உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்’ என்போம். அதையே நீட்டினால் ‘நீங்கள் பதில் எழுதுவதை எதிர்பார்க்கிறேன்’ என்போம். ‘பதில் எழுத எதிர்பார்க்கிறேன்’ என்று யாராவது சொன்னால் காதுக்கே பிடிக்காது. எதிர்பார்ப்பதற்கு ஒரு செயப்படுபொருள் வேண்டும், வினையெச்சம் அந்த இடத்துக்கு வராது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘டு ஹியர்’ என்று எழுதுவது கிட்டத்தட்ட அந்த ‘எழுத எதிர்பார்க்கிறேன்’தான்.

பிறகு ஏன் இத்தனை பேர் ‘டு ஹியர்’ என்று எழுதுகிறார்கள்? எழுதும்போது நம் மனதில் ஓடுவது ‘எதிர்பார்க்கிறேன்’ அல்ல. ‘உங்களிடமிருந்து கேட்க ஆவலாக இருக்கிறேன்’ என்பது. ‘கேட்க ஆவல்’ என்றால் அங்கே வினையெச்சம். ஆங்கிலத்திலும் ‘வி ஆர் ஈகர் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்றால் மொட்டை ‘ஹியர்’தான் சரி. ‘ஹோப்பிங் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்பதிலும் அப்படியே. ஆவலையும் நம்பிக்கையையும் சொல்லும் வாக்கியத்தின் பாதியை எடுத்து ‘லுக்கிங் ஃபார்வர்ட்’டோடு ஒட்டிவிடுகிறோம்.

பக்கத்து சீட் அக்கா ‘ஃபார்’ போடுவதும் இப்படி வந்த ஒட்டுதான். ‘பதிலுக்காகக் காத்திருக்கிறேன்’ என்பது மனதில் இருந்தால், அந்த ‘க்காக’ ஆங்கிலத்தில் ‘ஃபார்’ ஆகி வந்து விழும். ‘வெய்ட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை’ இலக்கணப்படி சரி. ஆனால் வாசலில் நின்று கதவைத் தட்டுகிற தொனி அதில் உண்டு. ‘அவெய்ட்டிங் யுவர் ரிப்ளை’யும் சரி, அதில் ‘ஃபார்’ வரக் கூடாது. ‘அவெய்ட்டிங் ஃபார்’ என்பது நம்மூர் மெயில்களில் கொள்ளை கொள்ளையாக வருகிறது. ‘லுக் ஃபார்வர்ட்’டுக்கு ‘டு’ மட்டும்தான், வேறு எதுவும் கிடையாது. அக்காவிடம் அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’ என்று ஆகிவிட்டால் அவர் வரியில் ஒரு குறையும் இல்லை.

இந்த இரண்டாம் வகை ‘டு’ உங்கள் வேலையில் வேறு இடங்களிலும் வரும். டிடென்ஷன் சார்ஜ் (கன்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதமானால் விழும் கட்டணம்) கேட்டு பில் வந்து, கட்ட மறுத்து எழுதுகிறீர்கள் என்றால் ‘வி அப்ஜெக்ட் டு பேயிங் தீஸ் சார்ஜஸ்’, ‘டு பே’ அல்ல. கணக்கை முடித்துக்கொள்ளும் எண்ணத்தில் என்றால் ‘வித் எ வியூ டு செட்லிங் தி அக்கவுன்ட்’. கப்பலில் ஏற்றுவதற்கு முன் என்றால் ‘ப்ரயர் டு லோடிங்’. இதில் நிறையப் பேரைக் கவிழ்ப்பது ‘யூஸ்ட் டு’. ‘ஐ யூஸ்ட் டு ரைட்’ என்றால் முன்பெல்லாம் எழுதுவேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்ட் டு ரைட்டிங்’ என்றால் எழுதிப் பழகியவன். நடுவில் ஒரு ‘ஆம்’ வந்ததும் ‘டு’வின் ஜாதகமே மாறிவிடுகிறது. ‘கமிட்டெட் டு’ மட்டும் கொஞ்சம் இளகிய ஆசாமி. ‘கமிட்டெட் டு சர்விங்’ என்பதுதான் வழக்கம், ஆனால் ‘கமிட்’ என்ற சொல்லுக்குப் பின் ‘டு’வும் மொட்டை வினையும் வருவதை நல்ல அகராதிகளே ஏற்கின்றன. ஆகவே நகரம் முழுக்க ‘கமிட்டெட் டு சர்வ்’ என்று தொங்கும் பலகைகளோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

அடுத்து, ‘லுக்கிங் ஃபார்வர்ட்’ என்று தொடங்குவதா, ‘ஐ லுக் ஃபார்வர்ட்’ என்று தொடங்குவதா? நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் மேனேஜர் அடுத்து அங்கேதான் வருவார். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’ முறையான கடிதத்துக்கு. வேலைக்கு விண்ணப்பம், புதுக் கம்பெனிக்கு முதல் மெயில், வங்கி, தூதரகம் என்றால் இதுதான். ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட்’ பேச்சுக்குப் பக்கத்தில் இருப்பது, பழகியவர்களுக்கு. ‘ஐ ஆம்’ இல்லாமல் வெறும் ‘லுக்கிங் ஃபார்வர்ட்’ என்று தொடங்குவது இன்னும் ஒரு படி இறங்கியது. தினமும் மெயில் பரிமாறும் ஏஜென்ட்டுக்கு அது தாராளமாகப் போதும்.

அந்த வெறும் ‘லுக்கிங்’குக்கு ஒரு பூர்வீகம் உண்டு. பழைய வணிகக் கடிதங்களில் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ, ஐ ரிமெய்ன், யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ என்று ஒரே மூச்சில் போய்க் கையெழுத்தில் முடியும். ‘ஐ ரிமெய்ன்’ காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது, காற்புள்ளி மட்டும் அனாதையாக நிற்கிறது. ‘தேங்க்கிங் யூ,’ என்று டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அடித்துப் பழகியதும் இதே குடும்பம்தான். ஆகவே ‘லுக்கிங்’ என்று தொடங்கினால் கடைசியில் காற்புள்ளி வைத்தாலும் குற்றமில்லை, முற்றுப்புள்ளி வைத்தாலும் குற்றமில்லை. ‘ஐ லுக் ஃபார்வர்ட்’ என்று எழுவாயோடு தொடங்கினால் அது முழு வாக்கியம், முற்றுப்புள்ளி வைத்தே தீர வேண்டும்.

இலக்கணம் போதும். உங்கள் ராட்டர்டாம் மெயிலுக்கு வருகிறேன். அதில் எனக்கு உறுத்தியது ‘ஹியர்’ இல்லை. மொத்த மெயிலும் இவ்வளவுதான்: ‘டியர் சார், பி.எஃப்.ஏ. டிராஃப்ட் பி.எல். கைண்ட்லி செக் தி சேம் அண்ட் டூ தி நீட்ஃபுல். லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ அட் தி எர்லியஸ்ட்.’ பி.எஃப்.ஏ. என்றால் ‘ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்’, பி.எல். என்றால் கப்பலில் போகும் சரக்குக்கான ஆவணமான ‘பில் ஆஃப் லேடிங்’. இந்த மெயிலை அங்கே திறக்கும் ஆளின் நாற்காலியில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். பில் ஆஃப் லேடிங் டிராஃப்ட்டில் எதைச் சரிபார்ப்பது? பெயரா, முகவரியா, எடையா, கன்டெய்னர் நம்பரா? ‘நீட்ஃபுல்’ என்றால் என்ன செய்ய வேண்டும்? எப்போதுக்குள்? மூன்றுக்கும் பதில் இல்லை. உங்களுக்கோ ஷிப்பிங் லைன் கொடுத்த கட்-ஆஃப், அதாவது கடைசிக் கெடு, தலைக்கு மேல் தொங்குகிறது, அது தாண்டினால் திருத்தத்துக்கான அமெண்ட்மெண்ட் சார்ஜ்.

‘அட் தி எர்லியஸ்ட்’ இதில் இன்னும் ஆபத்து. சீக்கிரம் பதில் போடுங்கள் என்று நினைத்து எழுதுகிறோம். வெளியே அதன் வழக்கமான பொருள் வேறு. ‘ஃப்ரைடே அட் தி எர்லியஸ்ட்’ என்றால் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நடக்காது என்று அர்த்தம். அவசரப்படுத்த எழுதியதை ‘அவசரமில்லை போல’ என்று ஒருவர் எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. ‘டூ தி நீட்ஃபுல்’ ஒரு காலத்தில் இங்கிலாந்திலேயே புழங்கியதுதான். அங்கே அது வழக்கொழிந்துபோய் வெகு நாளாகிறது, நாம் விடாமல் வைத்திருக்கிறோம். சென்னைக்குள் எழுதும்போது அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. கஸ்டம்ஸ் ஹவுஸுக்குப் போகும் கடிதத்தில் ‘நீட்ஃபுல்’ இருந்தால் யாரும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். கடல் தாண்டும் மெயிலில் மட்டும் தவிர்த்துவிடுங்கள். ‘ரிவர்ட்’டுக்கும் இதே தீர்ப்பு. நமக்கு அது பதில் போடுவது, ஐரோப்பாவில் பழைய நிலைக்குத் திரும்புவது.

நானாக இருந்தால் அந்த மெயிலை இப்படி எழுதுவேன்: ‘தி டிராஃப்ட் பில் ஆஃப் லேடிங் இஸ் அட்டாச்ட். ப்ளீஸ் செக் தி கன்சைனீஸ் அட்ரஸ் அண்ட் தி கிராஸ் வெய்ட், அண்ட் கன்ஃபர்ம் பை 4 பி.எம். இந்தியன் டைம் ஆன் 14 மார்ச்.’ (கன்சைனீ என்றால் சரக்கைப் பெறுபவர்.) அந்த நேரத்துக்குப் பக்கத்தில், அவர்களுக்கு அது காலை 11.30 என்றும் போட்டுவிடுவேன். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள், அதற்குப் பிறகு அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நம் 4 மணி அவர்களுக்கு 12.30. மாதத்தை எண்ணில் போடாமல் பெயராக எழுதுங்கள். ராட்டர்டாமில் நம்மைப் போல நாளை முதலில் படிப்பார்கள், ஆனால் நியூயார்க் பார்ட்டி 4/3 என்பதை ஏப்ரல் 3 என்று படிப்பார்.

இவ்வளவு எழுதிய பிறகு ‘லுக்கிங் ஃபார்வர்ட்’ வேண்டுமா? இந்த மெயிலுக்கு வேண்டாம் என்பேன். எதை, எப்போதுக்குள் என்று கேட்டாகிவிட்டது. அதன் கீழே ‘உங்கள் பதிலை எதிர்நோக்கி’ என்று போட்டால் கேட்ட கேள்வியின் கூர்மை மழுங்கும். அந்த வரிக்கு ஏற்ற இடம் வேறு. பதில் வரலாம், வராமலும் போகலாம், கெடு வைக்க நமக்கு உரிமை இல்லை என்ற இடம். புது ஏஜென்ட்டிடம் ரேட் கேட்டு எழுதுகிறீர்கள், வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள், அங்கே அது அழகாக உட்காரும். பாக்கி வசூலிலும் அதற்கு ஒரு நல்ல உபயோகம் உண்டு. ‘வி லுக் ஃபார்வர்ட் டு ரிசீவிங் யுவர் பேமென்ட் பை ஃப்ரைடே’ என்று எழுதினால் மரியாதையும் குறையாது, பிடியும் தளராது. பணம் வரும் என்று நாம் முடிவே செய்துவிட்ட மாதிரி ஒரு தொனி அதில் இருக்கிறது. ஆனால் ஒருவர் வீட்டில் துக்கம் என்று இரங்கல் எழுதிவிட்டுக் கீழே இதைப் போடுவதையும் பார்த்திருக்கிறேன். விரல் பழக்கம்தான், வேறென்ன.

மேனேஜர் விஷயம் பாக்கி இருக்கிறது. அத்தனை பேருக்கு முன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டி ‘பாருங்க சார்’ என்று நிற்காதீர்கள். சீனியரைத் திருத்த அது வழியல்ல, உங்கள் அப்ரைசலுக்கும் நல்லதல்ல. மதியம் கொஞ்சம் ஓய்வாக இருக்கும்போது, ‘சார், கோர்ட்ல ஹியரிங்னு சொல்றாங்களே, அது நவுன்தானே? அப்போ இதுவும் அதே மாதிரியா?’ என்று சந்தேகம் கேட்பதுபோல் கேளுங்கள். இலக்கணம் நினைவில் வைத்திருக்கும் மனிதர், பிடித்துக்கொள்வார். அப்படியும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் மல்லுக்கட்ட வேண்டாம். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’ என்று எழுதிவிடுங்கள். அதில் ‘ஹியர்’ரும் இல்லை, ‘ஹியரிங்’கும் இல்லை. அவர் திருத்துவதற்கு ஒன்றும் இருக்காது, ராட்டர்டாமில் சிரிப்பதற்கும் ஒன்றும் இருக்காது.

இணைத்திருந்த மெயிலில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. இந்த வரியை உங்கள் பெயருக்கு மேலே சிக்னேச்சரிலேயே சேர்த்து வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது, கீழே இருந்த பழைய மெயில்கள் எல்லாவற்றிலும் அது வருகிறது. ‘நோட்டெட் வித் தேங்க்ஸ்’ என்று நீங்கள் போட்ட மெயிலிலும் இருக்கிறது. அதற்கு அவர் என்ன பதில் எழுதுவார்? அவுட்லுக்கில் சிக்னேச்சரைத் திறந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள், தேவைப்படும்போது கையால் அடித்துக்கொள்ளலாம்.